நிரந்தர இடம் ஒரு கேள்வி, சம்பளம் இன்னொரு கேள்வி

வேலை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் பேக்கிங் லைனுக்கான பி.எல்.சி. (இயந்திரங்களைப் புரோகிராம்படி இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) வேலை பார்க்கிறேன். சேர்ந்து 14 மாதம் ஆகிறது. ஏஜென்சி மூலமாக எடுத்தார்கள். சம்பளமும் ஏஜென்சியிலிருந்துதான் வருகிறது. என்னோடு அதே மாதம் சேர்ந்து பக்கத்து மேசையில் இருக்கும் நிரந்தர ஊழியர் என் சம்பளத்தைப்போல் ஒன்றரை மடங்கு வாங்குகிறார். இருவருக்கும் வேலை ஒன்றுதான். என்னை நிரந்தரமாக்கிச் சம்பளத்தைக் கூட்டித் தாருங்கள் என்று மேலாளரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். “உன்னைப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லியிருக்கேன், பார்க்கலாம்” என்கிறார். மூன்றாவது முறை எப்படிக் கேட்பது? வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று சொல்லிப் பார்க்கலாமா?

பதில்: மூன்றாவது முறையும் அதே மாதிரி போய்க் கேட்காதீர்கள். உங்கள் மேலாளர் உங்களை ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கையில் இல்லாத ஒன்றை அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

டிசைன் பிரிவுக்குத் தலைமை தாங்கிய வருடங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். இளம் பொறியாளர்கள் வந்து நிரந்தரத்தையும் சம்பள உயர்வையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். அவர்களுக்கு அது ஒரே கோரிக்கை. நிறுவனத்துக்குள்ளோ அது இரண்டு வேறு வேறு மேசைகளுக்குப் போகும். நிரந்தரம் என்பது ஹெட்கவுன்ட் கணக்கு. இந்தப் பிரிவில் இந்த வருடம் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று மேலிடம் ஒப்புதல் கொடுத்த எண்ணிக்கை அது. சம்பளம் என்பது கிரேடு கணக்கு. எந்தப் படியில் வைக்கிறார்கள், அந்தப் படிக்குக் கீழ் எல்லை எது, மேல் எல்லை எது என்று ஹெச்.ஆர். வைத்திருக்கும் அட்டவணை. மேலாளர் இரண்டுக்கும் சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், எது முடியாதோ அதை வைத்து மொத்தத்துக்கும் ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஏஜென்சி வழியாக வரும் ஆளுக்கான செலவு பல நிறுவனங்களில் ஊழியர் செலவுக் கணக்கிலேயே வராது. சேவைக் கட்டணமாகவோ புராஜெக்ட் செலவாகவோ எழுதப்படும். உங்கள் சம்பளத்துக்கு மேல் ஏஜென்சியின் கட்டணத்தையும் சேர்த்துத்தான் நிறுவனம் மாதாமாதம் கொடுக்கிறது. அப்படியும் ‘இடமில்லை’ என்கிறார்களே என்று உங்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் பணம் இருப்பதும் இடம் இருப்பதும் அவர்கள் புத்தகத்தில் இரண்டு தனித்தனி வரிகள்.

நிரந்தரம் வந்துவிட்டால் சம்பளம் தானாக ஏறிவிடும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. ஜப்பானில் 2013 ஏப்ரலில் ஒரு சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஒரே முதலாளியிடம் குறித்த கால ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பட்டு மொத்தம் 5 வருடத்தைத் தாண்டினால், ஊழியர் கேட்டதும் காலவரையற்ற ஒப்பந்தமாக மாற்றித் தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் தனியாக ஏதும் பேசிக்கொள்ளாவிட்டால் காலவரை மட்டும்தான் நீங்கும். சம்பளமும் மற்ற நிபந்தனைகளும் பழையபடியே தொடரும். சட்டமே இவை இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. நீங்களும் அப்படியே பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் காகிதங்களை எடுத்துப் படியுங்கள். நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது ஏஜென்சி என்றால், சட்டப்படி உங்கள் முதலாளி ஏஜென்சிதான். அந்தக் கடிதத்தில், வேலை பார்க்கும் நிறுவனத்தில் இவ்வளவு காலத்துக்கு நேரடியாகச் சேரக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டாலும், நிறுவனத்துக்கும் ஏஜென்சிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், ஆளை நேரடியாக எடுத்தால் ஏஜென்சிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற விதி இருக்கலாம். குறிப்பிட்ட மாதங்களுக்குப் பிறகு அந்தத் தொகை குறையும்படியோ இல்லாமல் போகும்படியோ எழுதுவதும் உண்டு. அந்த ஒப்பந்தத்தை உங்களிடம் காட்ட மாட்டார்கள். ஆனால் ஹெச்.ஆரிடம், “என்னை நேரடியாக எடுக்க ஏஜென்சி ஒப்பந்தத்தில் தடை ஏதாவது இருக்கிறதா, எந்த மாதத்தோடு முடிகிறது?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மேலாளரின் ‘பார்க்கலாம்’ இதற்காகவே கூட இருக்கலாம்.

அப்புறம் மேலாளரிடம் போங்கள். இந்த முறை கோரிக்கை வேண்டாம், இரண்டு கேள்விகள் போதும்: “சார், என்னை நேரடியாக எடுக்க நீங்கள் நினைத்தால் யாருடைய ஒப்புதல் வேண்டும்? அடுத்த வருட ஆள் கணக்கை எந்த மாதம் மேலே அனுப்புவீர்கள்?” இரண்டாவது கேள்விதான் மிக முக்கியம். அடுத்த நிதியாண்டுக்கான ஆள் கணக்கு, அந்த ஆண்டு தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்னாலேயே எழுதப்பட்டுவிடும். அது முடிந்தபின் போய் நின்றால் எவ்வளவு நல்ல மேலாளரும் கையை விரிப்பார். இதற்கு ஒரு விலக்கு உண்டு. நிரந்தர ஊழியர் ஒருவர் ராஜினாமா செய்தால் அந்த இடம் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற இடம். புதிதாக ஓர் இடத்தை உருவாக்குவதைவிட அதை நிரப்புவது பல மடங்கு சுலபம். யாராவது நோட்டீஸ் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் அந்த வாரமே பேசுங்கள். போகிறவரின் வேலையில் எந்தெந்தப் பகுதியை உங்களால் உடனே ஏற்றுக்கொள்ள முடியும் என்று சொல்லுங்கள்.

மூன்றாவதாக, ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. மேலாளர் தன் மேலாளரிடம் உங்களுக்காகப் பேசும்போது நீங்கள் அந்த அறையில் இருக்க மாட்டீர்கள். “பையன் நல்லா வேலை செய்யறான்” என்ற ஒரு வரியோடு அவர் போனால் எதுவும் நடக்காது. எல்லா மேலாளரும் எல்லாப் பையன்களைப் பற்றியும் அதையேதான் சொல்கிறார்கள். அவர் கையில் காகிதம் இருக்க வேண்டும். ‘கடுமையாக உழைத்தேன், ஆர்வத்தோடு கற்றேன்’ என்றெல்லாம் அதில் எழுதாதீர்கள். எந்த லைன், என்ன கோளாறு, நீங்கள் லாஜிக்கில் எதை மாற்றினீர்கள், மாற்றுவதற்கு முன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லைன் நின்றது, பின்பு எத்தனை மணி நேரம், இது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று எழுதுங்கள். ராத்திரி ஷிப்டில் வெளி சர்வீஸ் ஆளைக் கூப்பிடாமல் நீங்களே சரிசெய்த சம்பவங்களைத் தேதியோடு குறிப்பிடுங்கள். கடைசியில், உங்களுக்கு மட்டுமே இப்போது தெரிந்த வேலை எது என்பதையும் எழுதுங்கள். பேக்கப் எங்கே இருக்கிறது, எந்த புரோகிராம் கடைசியாகத் திருத்தப்பட்டது என்பது போன்றவை. மிரட்டலாக இல்லாமல் தகவலாக எழுதுங்கள். உங்களுக்குப் பதில் புது ஆளைப் போட்டுப் பழக்க எவ்வளவு காலமாகும் என்பதைப் படிப்பவர் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இந்தப் பக்கத்தில் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். இடத்துக்கு ஒப்புதல் வந்து, ஹெச்.ஆர். உங்களைக் கூப்பிடும்போது அதைப் பேசிக்கொள்ளலாம்.

அந்தப் பேச்சில் பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தை இழுக்காதீர்கள். அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள். ‘அவருடைய கல்லூரி வேறு, தேர்வு முறை வேறு’ என்று பேச்சும் திசைமாறிவிடும். அதற்குப் பதில், “இந்த வேலைக்கு நிறுவனத்தில் எந்த கிரேடு, அந்த கிரேடின் எல்லை என்ன?” என்று கேளுங்கள். என் அனுபவத்தில் புதியவர்கள் தொகைக்காகப் போராடி கிரேடைக் கோட்டைவிடுகிறார்கள். தொகையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்கூடச் சரியான கிரேடில் நுழைந்துவிடுங்கள். அடுத்த பதவி உயர்வுக்கான வருடங்கள் அங்கிருந்துதான் எண்ணப்படும். கீழ்ப்படியில் நுழைந்தவர் அதை ஈடுகட்ட ஒரு முழுப் பதவி உயர்வைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் சில இடங்களில் நிதானம் வேண்டும். நீங்கள் இதுவரை பார்த்த மாதங்களைப் பணிக்காலமாகச் சேர்க்கிறார்களா, இல்லை சேரும் நாளிலிருந்து புதிதாக எண்ணுகிறார்களா? தகுதிகாண் காலம் மறுபடியும் முழுசாக உண்டா? அதே வேலையை ஒரு வருடத்துக்கு மேல் செய்துவிட்டவருக்கு அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது நியாயம், பலர் சம்மதிப்பார்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு, பயிற்சிக்கென்று பாண்டு (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற எழுத்து உறுதி) இருக்கிறதா, சொல்லப்பட்ட தொகையில் நிலையான பங்கு எவ்வளவு, ‘செயல்திறனைப் பொறுத்து’ என்று தொங்கவிட்டது எவ்வளவு? மொத்தத் தொகையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, முதல் மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்து முகம் வாடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாதம் கையில் வருவது எவ்வளவு என்று ஹெச்.ஆரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

விட்டுப் போவேன் என்று சொல்வதைப் பற்றிக் கேட்டீர்கள். கையில் வேறு நியமனக் கடிதம் இருந்து, அங்கே போக நிஜமாகவே மனம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அப்போதும் மிரட்டலாக வேண்டாம்: “எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கேயே இருக்கத்தான் விருப்பம். அதற்குள் இங்கே ஏதாவது முடிவாக வாய்ப்பு உண்டா?” என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இல்லாத வாய்ப்பை இருப்பதாகச் சொல்லாதீர்கள். “சரி, போய் வாருங்கள்” என்று அவர் சொன்னால் அடுத்த நாள் எந்த முகத்தோடு உள்ளே வருவீர்கள்?

சட்டம் கைகொடுக்குமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் தக்க காரணம் சொல்லாத குறித்த கால ஒப்பந்தம் மொத்தம் 2 வருடத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் அதிகபட்சம் 3 முறை நீட்டிக்கலாம். தென் கொரியாவில் குறித்த கால ஊழியரைப் பொதுவாக 2 வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் அவர் காலவரையற்ற ஊழியராகவே கருதப்படுவார். தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது: தொழில் நிறுவனத்தில் 24 காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். பொறியாளர் அந்தச் சட்டத்தின்படி ‘தொழிலாளி’யா என்பதில்தான் வழக்கு வரும். பதவிப் பெயரைவிட அவர் உண்மையில் செய்யும் வேலையின் தன்மையைத்தான் அங்கே பார்ப்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாக எடுக்கப்பட்டவருக்கு, அதே வேலை செய்யும் நிரந்தர ஊழியரைவிடக் குறைந்த ஊதியமோ சலுகையோ தரக் கூடாது. ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடைக்கும் தகுதி உண்டு. இது நிறுவனமே நேரடியாக ஒப்பந்தம் போட்டவர்களுக்கு. உங்களைப் போல ஏஜென்சி வழியாக வந்தவர்களுக்கு அப்படியே பொருந்தாது. எந்த நாடாக இருந்தாலும் வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, ஷிப்ட் அட்டவணை ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்திருங்கள். நிறுவனத்தின் புரோகிராமையோ வரைபடத்தையோ மட்டும் எடுத்துவராதீர்கள்; அது வேறு வம்பு.

இவ்வளவு செய்த பிறகும் ‘பார்க்கலாம்’தான் பதில் என்றால், எந்த மாதம் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அந்த மாதமும் தாண்டினால் வேலை தேடுங்கள். 2 வருட அனுபவமுள்ள பி.எல்.சி. பொறியாளர் வெளியே நிரந்தர ஊழியராகவே சேரலாம். உள்ளே மாறுவதைவிட அது பலருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

கேள்வி: சிவில் முடித்த எனக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் அலுவலகம் ஒன்றில் முதல் வேலைக்கான ஆஃபர் வந்திருக்கிறது. நிரந்தர வேலைதான். சம்பளம் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ‘புதுசா வர்ற பொண்ணு பேரம் பேசினா ஆஃபரையே திரும்ப எடுத்துக்குவாங்க’ என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். கேட்கலாமா?

பதில்: கேளுங்கள் மகளே. மரியாதையாக ஒருமுறை கேட்டதற்காக ஆஃபரை நான் திரும்ப எடுத்ததில்லை. என்னோடு நேர்காணல் குழுவில் உட்கார்ந்தவர்களும் எடுத்ததில்லை. அப்படி எடுக்கிற இடம் இருந்தால், அங்கே நீங்கள் தினமும் என்ன பாடு படுவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பெண்கள் கேட்பதில்லை, அதனால்தான் குறைவாக வாங்குகிறார்கள் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆர்ட்ஸ், குடால், ஆஸ்வால்ட் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் சுமார் 4,600 ஊழியர்களின் தகவலை எடுத்து ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரி வேலையில் இருக்கும் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் கேட்ட ஆண்களில் 20 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. கேட்ட பெண்களில் 15 சதவீதத்தினருக்குத்தான் கிடைத்தது. ஆகவே குறை உங்கள் வாயில் இல்லை, கொடுக்கும் கையில் இருக்கிறது. இளம் வயதினரிடையே இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. உங்கள் வயதில் அது நல்ல செய்தி.

தொடக்கச் சம்பளத்துக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவது ஏன் தெரியுமா? பிற்பாடு வரும் உயர்வுகள் எல்லாம் சதவீதத்தில் வரும். இருவருக்கும் வருடம் 6 சதவீதம் உயர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 100-இல் தொடங்குகிறார், இன்னொருவர் 110-இல். பத்து வருடம் கழித்து முதலாமவர் 179-இல் இருப்பார், இரண்டாமவர் 197-இல். 10 ஆக இருந்த இடைவெளி 18 ஆகிவிட்டது. இருவரும் ஒரே மாதிரி வேலை செய்து, ஒரே மாதிரி மதிப்பீடு வாங்கிய பிறகும் இப்படி!

எப்படிக் கேட்பது? தேவையைச் சொல்லிக் கேட்காதீர்கள். வீட்டுக் கடனும் தம்பி படிப்பும் உண்மையான கஷ்டங்கள்தான், ஆனால் ஹெச்.ஆரால் அதை ஒரு படிவத்திலும் எழுத முடியாது. எழுதக்கூடிய காரணமாகக் கொடுங்கள். இறுதியாண்டு புராஜெக்டில் எந்த மென்பொருளில், எத்தனை மாடிக் கட்டடத்துக்கு, எந்தக் கட்டட விதித்தொகுப்பின்படி (code) நிலநடுக்க விசையைக் கணக்கிட்டீர்கள்? பயிற்சிக் காலத்தில் வரைந்த கம்பி விவர வரைபடம் சைட்டுக்குப் போனதா? அதைச் சொல்லிவிட்டு, வேண்டிய தொகையை ஒரே எண்ணாகச் சொல்லுங்கள். ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்றால் எதிரில் இருப்பவர் காதில் கீழே இருக்கும் எண்தான் விழும். சொன்னதும் பேச்சை நிறுத்திவிடுங்கள். அங்கே வரும் அமைதி தாங்காமல் ‘கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை’ என்று தாமே இறங்கிவிடுகிறவர்கள் அதிகம்.

சந்தை நிலவரம் தெரியாமல் எண் சொல்ல முடியாது என்பீர்கள். அதே மாதிரி அலுவலகங்களில் ஒன்றிரண்டு வருடம் முன்னால் சேர்ந்த சீனியர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒளிக்க மாட்டார்கள். சில இடங்களில் சட்டமே இந்த வேலையைச் செய்கிறது. கலிஃபோர்னியாவில் 15 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்கள் 2023 ஜனவரி 1 முதல் வேலை விளம்பரத்திலேயே சம்பள எல்லையைப் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த ஆணையின்படி, விண்ணப்பிப்பவருக்குத் தொடக்கச் சம்பளத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்கவும் கூடாது.

தொகையில் அசையவே மாட்டோம் என்றால் உடனே எழுந்துவிடாதீர்கள். ஆறு மாதத்தில் ஒரு சம்பள மறுபரிசீலனை என்று ஆஃபர் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அதை எழுதுவதற்கு அன்று அவர்களுக்கு எந்தச் செலவும் இல்லை என்பதால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

கேள்வி: ஒப்பந்தப் பொறியாளராக இருக்கிறேன். ஒவ்வொரு முறை காலம் முடியும்போதும் சில நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, புது ஒப்பந்தம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். வேலை, மேசை, கணினி எல்லாம் அதேதான். எதற்கு இந்த இடைவெளி?

பதில்: தொடர்ச்சியான பணி என்று நீங்கள் பின்னால் உரிமை கோரக் கூடாது என்பதற்காகத்தான் பெரும்பாலும் இப்படிச் செய்கிறார்கள். இது பழைய வழி. 1990-களில் மைக்ரோசாஃப்டில் வருடக்கணக்காகத் தற்காலிகம் என்ற பெயரிலேயே வைக்கப்பட்டிருந்தவர்கள், நிரந்தர ஊழியருக்கான சலுகைகளைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2000-ஆம் வருட இறுதியில் 9 கோடியே 70 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசமானது. அந்த வழக்கால் தற்காலிக ஊழியர்களுக்குக் கால வரம்பும், மறுபடி சேர்வதற்கு முன் கட்டாய இடைவெளியும் அங்கே விதியாகின. மற்ற நிறுவனங்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

இடைவெளி விட்டதாலேயே உங்கள் உரிமை எல்லாம் அழிந்துவிடாது. அது போலியானது என்று காட்ட முடிந்தால் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். அதனால் அந்த நாட்களில் போனில் கூப்பிட்டு வேலை கேட்டார்களா, மெயில் வந்ததா, அடையாள அட்டை உங்களிடமே இருந்ததா என்பதைத் தேதியோடு குறித்துவையுங்கள். தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் எல்லா ஒப்பந்தங்களையும் வரிசையாக அடுக்கிக் காட்டுங்கள். புதுப்பித்த பிறகு போகாதீர்கள், அடுத்த கையெழுத்துக்கு முன்னாலேயே போங்கள். அந்தக் கையெழுத்துக்கு முன், இந்த வேலைக்கு நிரந்தர இடம் கேட்டு மேலே எழுதியிருக்கிறார்களா, எப்போது எழுதினார்கள் என்று மேலாளரை மெயிலில் கேளுங்கள். ‘எழுதவில்லை’ என்று பதில் வந்தாலும், பதிலே வராமல் போனாலும், வெளியில் விண்ணப்பம் போட ஆரம்பிக்க அதுவே போதுமான காரணம்.